ஃபிப்-4 ஏறி வருது, ஃபைப்ரோஸ்கேன் நார்மல்: கட்-ஆஃபை மாத்தலாமா?

தீசிஸ்_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நீரிழிவு ஓ.பி.யில் ஃபேட்டி லிவர் ஃபைப்ரோசிஸ் (ஈரலில் தழும்பு படிவது) பற்றித் தீசிஸ். வகை 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு முதலில் ஃபிப்-4 (வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் வைத்துத் தழும்பை ஊகிக்கும் ஸ்கோர்). 1.3-க்குக் கீழே என்றால் அதோடு சரி. 1.3-இலிருந்து 2.67 வரை ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்). 2.67-ஐத் தாண்டினால் ஹெபடாலஜி (ஈரல் பிரிவு). பைலட்டில் மட்டும் எல்லோருக்குமே ஃபைப்ரோஸ்கேனும் எடுக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், 2.67-ஐத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் ஃபைப்ரோஸ்கேனில் 6 கிலோபாஸ்கலுக்குக் கீழே நிற்கிறார்கள். "நம்ம ஊர் ஆட்களுக்கு இந்தக் கட்-ஆஃப் ஒத்து வராது, ஆர்.ஓ.சி. (கட்-ஆஃப் தேர்ந்தெடுக்க உதவும் வரைபடம்) வரைந்து புதிதாக ஒன்று எடு" என்கிறார் கைடு. செய்யலாமா?

ஒரு கேஸ்: வயது 58, ஏ.எஸ்.டி. 46, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 1.10 லட்சம். ஃபிப்-4 3.03. ஃபைப்ரோஸ்கேன் 5.4. மண்ணீரல் பெரிதாக இல்லை.

ரத்தம் சிரிஞ்சில் எடுத்து டியூபுக்கு மாற்றுகிறார்கள். சீரம் மைனஸ் 20-இல் வைத்து வாரத்துக்கு ஒருமுறை பேட்ச்சாக ஓட்டுகிறோம். பிளேட்லெட் கவுண்டர் பிரிண்ட்-அவுட்டிலிருந்து.

சீரம்_மஞ்சள்

தம்பி, கட்-ஆஃபைத் தொடாதீங்க. உங்க கடைசிப் பத்தியிலேயே பதில் இருக்கு.

ஃபார்முலாவைப் பிரிச்சுப் பாருங்க: வயது × ஏ.எஸ்.டி. மேலே, பிளேட்லெட் × ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம் கீழே. மேலே இருக்கிறது தப்பா ஏறினாலும் கீழே இருக்கிறது தப்பா இறங்கினாலும் விடை ஒரே பக்கம்தான் போகும். நீங்க சாம்பிளைக் கையாளும் விதத்தில் மூணு இடத்தில் பிழை, மூணும் அதே பக்கம் தள்ளுது.

முதல்ல ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைவது. சிவப்பணுவுக்குள்ள ஏ.எஸ்.டி. பிளாஸ்மாவில் இருப்பதைப் போலச் சுமார் 40 மடங்கு. ஏ.எல்.டி. அந்த அளவுக்குக் கிடையாது. அதனால செல் உடைஞ்சா ஏ.எஸ்.டி. மட்டும் தனியா ஏறும். சிரிஞ்சில் எடுக்கும்போது மெல்லிய ஊசியைப் போட்டு பிஸ்டனை வேகமா இழுப்பது, ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துவது, பிறகு அதே ஊசியை மூடி ரப்பரில் குத்தி பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளுவது, மூணுமே செல்லை உடைக்கும். மூணாவதுதான் மோசம். முடிஞ்சா 21 கேஜ் ஊசியும் வேக்யூம் ஹோல்டரும் வாங்கிக் கொடுங்க. முடியலைன்னா ஊசியைக் கழற்றி, மூடியைத் திறந்து, டியூப் சுவரோரமா ரத்தம் தானா வழியும்படி விடச் சொல்லுங்க. சீரம் டியூப் 30 நிமிஷம் நிமிர்த்தி வைத்து உறைந்த பிறகுதான் சென்ட்ரிஃபியூஜ். எடுத்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் சீரம் செல்லை விட்டுப் பிரிஞ்சிருக்கணும்.

உங்க கேஸில் ஏ.எஸ்.டி. 46-க்குப் பதிலா 62 என்று வந்தால் என்ன ஆகும்? பிளேட்லெட் 1.90 லட்சம் (ஃபார்முலாவில் 190) என்று வைத்துக்கொண்டால் 1.76 இருக்க வேண்டியது 2.37 ஆகும்.

ரெண்டாவது, அந்த மைனஸ் 20. ஏ.எல்.டி.க்கு அது ஆகாது. அந்த வெப்பநிலையில் ஏ.எல்.டி. செயல்பாடு குறைஞ்சுகிட்டே வரும், ஏ.எஸ்.டி. பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 64 இருந்த ஏ.எல்.டி. 36-க்கு இறங்கினா, மத்ததெல்லாம் அப்படியே இருக்க, 1.76 என்பது 2.34 ஆயிடும். சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து ஓரிரு நாளுக்குள் ஓட்டுங்க. பேட்ச் கட்டாயம்னா மைனஸ் 70 அல்லது 80, உருக்குவது ஒரே தடவை.

மூணாவது பிளேட்லெட். அதை ரத்தவியல் ஆள் சொல்லட்டும்.

ஸ்மியர்_பாத்தாச்சா

என் பேரே கேள்விதான். 1.10 லட்சம், மண்ணீரல் நார்மல், ஈரல் மிருது. இந்த மூணும் ஒண்ணா வந்தா முதல் சந்தேகம் ஊதா மூடி டியூப் மேலதான்.

சிலர் ரத்தத்தில், அந்த டியூபில் உறைவதைத் தடுக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கவுண்டர் அந்தக் கட்டியைப் பிளேட்லெட்டா எண்ணாது. நேரம் ஆக ஆகக் கட்டி கூடும், எண்ணிக்கை குறையும். எடுத்த ரத்தத்தை உடனே ஈ.டி.டி.ஏ.வோடு கலக்காமல் விட்டாலும் சின்னச் சின்ன உறைவு உண்டாகி அதே விளைவு வரும். 8 முதல் 10 தடவை மெதுவாகத் தலைகீழாத் திருப்பணும், குலுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது: 1.5 லட்சத்துக்குக் கீழே வந்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்மியர் (ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது). ஸ்லைடின் இறகு முனையை முதலில் 10 எக்ஸில் பாருங்க, கட்டிகள் அங்கேதான் ஒதுங்கும். பலர் நேரா நடுவில் ஆயில் இம்மெர்ஷன் போட்டு "பிளேட்லெட் குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். கட்டி இருந்தா நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்க (1 பங்கு சிட்ரேட், 9 பங்கு ரத்தம், அதுக்கான நீர்ப்புத் திருத்தம்). சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும். அந்த நிலையில் எண்ணே தராதீங்க, "மதிப்பிட முடியாது" என்று போடுங்க.

உங்க கேஸுக்கு 1.90 லட்சம் என்று வந்தால் ஃபிப்-4 1.76. ஹெபடாலஜிக்குப் போக வேண்டியவர் ஃபைப்ரோஸ்கேனோட நின்னுடுவார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைபாடோ தலசீமியா ட்ரெய்ட்டோ இருந்து எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 60 சொச்சத்தில் நின்றால், செல்லின் அளவை வைத்துப் பிரிக்கும் இம்பிடன்ஸ் கவுண்டர் குட்டிச் சிவப்பணுவையும் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். அப்போ ஃபிப்-4 பொய்யாக இறங்கும். இந்தத் தவறை யாரும் தேடிப் போவதில்லை, ஏன்னா ரிப்போர்ட் பார்க்க நல்லா இருக்கும்.

இன்னொண்ணு, நீரிழிவு ஓ.பி. என்பதால் சொல்கிறேன். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகை வரை போனால் பிளேட்லெட் இறங்கும், எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே செல்கள் உடைவதால் ஏ.எஸ்.டி.யும் எல்.டி.எச். என்ற இன்னொரு என்சைமும் ஏறும். ஈரல் சுத்தமா இருக்கும்போதே ஃபிப்-4 ரெண்டு பக்கத்திலிருந்தும் அடிவாங்கும். எம்.சி.வி. 100-ஐத் தாண்டினா பி12 பாருங்க.

தீசிஸ்_மாணவன்

நன்றி சார், மேடம். ஸ்மியர் எதுவும் பார்க்கவில்லை, இனிமேல் பார்க்கிறோம். ரெண்டு சந்தேகம். எக்ஸெல்லில் பிளேட்லெட்டை எப்படிப் போடுவது? ஒருவர் 1.9 என்று போடுகிறார், இன்னொருவர் 190000 என்று. அடுத்து, காய்ச்சலோடு வருபவர்களைச் சேர்க்கலாமா?

சீரம்_மஞ்சள்

லிட்டருக்கு 10-இன் 9-ஆம் அடுக்கில், அதாவது 190. 1.9 என்று போட்டால் 176 வரும், அது கண்ணில் பட்டுவிடும். 190000 என்று போட்டால் 0.00176 வரும், எக்ஸெல் அதை 0.00 என்று காட்டி "லோ ரிஸ்க்" பெட்டியில் சத்தமில்லாமல் போட்டுவிடும். டேட்டா வேலிடேஷனில் 10-க்குக் கீழேயோ 1000-க்கு மேலேயோ போனால் ஏற்காதபடி வைத்துவிடுங்கள்.

ஹெபடோ_தெற்கு

காய்ச்சல் கேஸ் வேண்டவே வேண்டாம். டெங்குவை எடுத்துக்கங்க. வயது 30, ஏ.எஸ்.டி. 150, ஏ.எல்.டி. 100, பிளேட்லெட் 60. ஃபிப்-4 7.5! சிரோசிஸ்காரருக்கு வருகிற அளவு. டெங்குவில் ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யை விட மேலே நிற்கும், பிளேட்லெட் சரியும். ஃபார்முலாவுக்குக் காய்ச்சல் தெரியாது. மழைக்காலத்தில் சேர்க்கை நடக்கிறது என்றால், காய்ச்சல் விட்டு ஆறு வாரமாவது கழித்துக் கூப்பிடுங்கள். அக்யூட் ஹெபடைட்டிஸும் அப்படித்தான்: வயது 40, ஏ.எஸ்.டி. 900, ஏ.எல்.டி. 1600, பிளேட்லெட் 200 என்றால் 4.5. தழும்பே இல்லாத ஈரல் அது.

இந்த ஸ்கோர் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2006-இல் வெளியானது. எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களிடமிருந்து எடுத்த சமன்பாடு. ஃபேட்டி லிவருக்கு அப்புறம் கொண்டுவந்து பொருத்தினார்கள், 1.3 என்ற கீழ்க்கோடும் அப்படி வந்ததுதான். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. காரணமும் இருக்கு: தழும்பு கூடினால் ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறி மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைக்கும், பிளேட்லெட் உண்டாகத் தூண்டும், ஈரலில் உண்டாகும் த்ரோம்போபாய்ட்டின் குறையும், ஏ.எஸ்.டி.யை ரத்தத்திலிருந்து அகற்றும் சைனுசாய்டு செல்களும் மந்தமாகும். ஆனால் வயது? அது ஈரலை அளப்பதே இல்லை. அதே 46, 64, 190-ஐ 35 வயதுக்குப் போட்டால் 1.06, 70 வயதுக்குப் போட்டால் 2.12. அதனால்தான் 65-க்கு மேல் கீழ்க்கோட்டை 2.0 என்று வைக்கிறோம். 35-க்குக் கீழே இந்த ஸ்கோரை நம்பி யாரையும் விடுவிக்கக் கூடாது. 30 வயதிலிருந்து சேர்க்கிறேன் என்றால் 30-35 ஆட்களுக்கு நேரே ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள்.

பிளேட்லெட் உண்மையிலேயே குறைவு, மண்ணீரலும் பெரிது, ஆனால் ஈரல் மிருது என்று வந்தால் நம் நாட்டில் சிரோசிஸ் இல்லாத போர்ட்டல் ஹைப்பர்டென்ஷனை மறக்காதீர்கள். போர்ட்டல் நாளத்துக்கு டாப்ளர். அதை "ஃபிப்-4 தவறு" என்ற கணக்கில் போட்டுவிட்டுப் போனால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

மது பற்றிக் கேட்டு எழுதுங்கள், எத்தனை மில்லி, வாரம் எத்தனை நாள் என்று. "சோஷியல்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. ஹெபடைட்டிஸ் பி, சி-க்கான டெஸ்ட் (எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்ட்டி எச்.சி.வி.) எல்லோருக்கும்.

ப்ரோப்_எம்

ஃபைப்ரோஸ்கேன் பக்கமும் கொஞ்சம் பேசணும். எல்லோரும் அதை உண்மை, ஃபிப்-4-ஐப் பொய் என்று வைத்தே பேசுகிறீர்கள்.

குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு ஏறும். நீரிழிவு ஓ.பி.யில் பிரச்சினை எங்கே என்றால், காலை ஃபாஸ்டிங் ரத்தம் கொடுத்துவிட்டு டிபன் சாப்பிட்டு, சாப்பிட்ட பின் எடுக்கும் பி.பி. ரத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்கும் இடைவெளியில்தான் இவர்களை ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். அதுதான் மிகத் தப்பான நேரம். ஃபாஸ்டிங் ரத்தம் எடுத்த கையோடு ஸ்கேன், அப்புறம் டிபன். இன்சுலின் போடுபவர்களுக்கு முதல் டோக்கன்.

மல்லாந்து படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, மிட்-ஆக்சிலரி கோட்டில் விலா இடைவெளியில் ப்ரோப் தோலுக்குச் செங்குத்தாக. தோலிலிருந்து ஈரல் உறை 25 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் எக்ஸ்.எல். ப்ரோப். பருமனானவருக்கு எம் ப்ரோப்பையே அழுத்திப் பிடித்து எடுத்தால் மதிப்பு கூடுதலாக வரும் அல்லது ரீடிங்கே வராது. 10 சரியான ரீடிங். ஐ.க்யூ.ஆர்.-ஐ (ரீடிங்குகளின் சிதறல்) மீடியனால் (நடு மதிப்பு) வகுத்தால் 30 சதவீதத்துக்குள். மீடியன் 7.1 கிலோபாஸ்கலைத் தாண்டும்போது இந்த விதி கட்டாயம். ஆசைட்டிஸ் (வயிற்றில் நீர்) இருந்தால் அலை போகாது, முயற்சிக்கவே வேண்டாம். பித்த அடைப்பு, வலப்பக்க இதய செயலிழப்பு, ஏ.எல்.டி. பல மடங்கு ஏறிய நேரம், இவை எல்லாவற்றிலும் தழும்பில்லாமலே விறைப்பு ஏறும்.

ஷீட்டில் மீடியனை மட்டும் எழுதாதீர்கள். ப்ரோப், ஐ.க்யூ.ஆர்., எத்தனை மணி நேரம் வெறும் வயிறு, மூன்றும் வேண்டும். 8-க்குக் கீழே என்றால் முற்றிய ஃபைப்ரோசிஸ் இருக்கும் வாய்ப்பு குறைவு, 12-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம், நடுவில் ஹெபடாலஜி முடிவு.

ஹெபடோ_தெற்கு

சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இவருடைய பிரச்சினை ஸ்கேன் குறைவாக வருவது. நீங்கள் சொன்ன பிழைகள் எல்லாமே ஸ்கேனை ஏற்றுபவை. டிபன் சாப்பிட்டும் 5.4 என்றால் அந்த 5.4-ஐ இன்னும் அதிகமாகத்தான் நம்பவேண்டும்.

ப்ரோப்_எம்

அந்தக் கேஸுக்குச் சரி டாக்டர். 1.3-2.67 குழுவில் 8.5, 9 என்று வந்தவர்களுக்கு நான் சொன்னது பொருந்தும். அவர்களைத்தான் பயாப்சி வரை கொண்டுபோவார்கள்.

ரெண்டுக்கு_ரெண்டு

புள்ளியியல் ஆள். ஆர்.ஓ.சி. பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

லேப் பிழை ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஓ.பி.யில் 2.67-ஐத் தாண்டியவர்களில் பலர் "தவறான பாசிட்டிவ்" ஆகத்தான் வேண்டும். கணக்குக்காக சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் பிடிபடும் பங்கு) 35 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களில் சரியாக விடுபடும் பங்கு) 95 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 1000 பேரில் 50 பேருக்கு முற்றிய ஃபைப்ரோசிஸ். அவர்களில் ஏறக்குறைய 18 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 5 சதவீதம், அதாவது 48 பேர், நோயில்லாமலே கோட்டைத் தாண்டுவார்கள். பாசிட்டிவ் 66 பேர், உண்மை 18, அதாவது 27 சதவீதம். இதே டெஸ்ட்டை ஈரல் கிளினிக்கில் வையுங்கள், 1000-இல் 300 பேருக்கு நோய்: 105 உண்மை, 35 பொய், 75 சதவீதம். டெஸ்ட் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். கட்-ஆஃப் இந்தியருக்கு ஒத்து வரவில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து போக முடியாது.

சரி, ஆர்.ஓ.சி. வரையலாமா? எதை வைத்து? ஃபைப்ரோஸ்கேனை வைத்து வரைந்தால் ஃபைப்ரோஸ்கேனை ஊகிக்கும் கட்-ஆஃப் கிடைக்கும், ஃபைப்ரோசிஸை ஊகிக்கும் கட்-ஆஃப் இல்லை. பயாப்சி வைத்து என்றால், ஃபிப்-4 அதிகமானவர்களுக்கு மட்டும் பயாப்சி எடுத்தால் வெரிஃபிகேஷன் பயஸ்: குறைந்த ஃபிப்-4 உள்ள நோயாளிகள் கணக்கிலேயே வரமாட்டார்கள், சென்சிட்டிவிட்டி அழகாக ஏறிக் காட்டும். எல்லோருக்கும் பயாப்சி எடுக்க எதிக்ஸ் கமிட்டி விடாது, விடவும் கூடாது. அதோடு, கிடைத்த டேட்டாவிலேயே கட்-ஆஃபைத் தேர்ந்து அதே டேட்டாவில் சோதித்தால் எப்போதும் நன்றாகத்தான் வரும்.

தலைப்பை மாற்றுங்கள். "ஃபிப்-4, ஃபைப்ரோஸ்கேன் முரண்படும் கேஸ்களும் காரணங்களும்" என்று போட்டால் இந்த இழையில் பேசியதெல்லாம் உங்கள் வேரியபிள்கள். புதிய கட்-ஆஃப் என்று ஒன்றை வெளியிடுவதை விட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

ஹெபடோ_தெற்கு

பயாப்சியையும் தங்கத் தராசு என்று நினைக்காதீர்கள். ஊசியில் வருவது ஈரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. 16 கேஜ் ஊசி, 2 சென்டிமீட்டர் நீளம், 11 போர்ட்டல் ட்ராக்ட்டாவது இருந்தால்தான் ஸ்டேஜ் சொல்ல முகாந்திரம். 1 சென்டிமீட்டர் துண்டை வைத்து தழும்பின் ஸ்டேஜ் எஃப்2-வா எஃப்3-யா என்று அடித்துக்கொள்வது வீண். பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்கு ஃபிப்-4, ஸ்கேன் மதிப்பு ரெண்டையும் சொல்லக் கூடாது.

தீசிஸ்_மாணவன்

தலைப்பு மாற்றம் பற்றிக் கைடிடம் பேசுகிறேன். ஃபிப்-4-க்குப் பதில் ஆப்ரி அல்லது என்.ஏ.எஃப்.எல்.டி. (ஃபேட்டி லிவர்) ஃபைப்ரோசிஸ் ஸ்கோர் போட்டால் இந்தத் தொல்லை குறையுமா?

சீரம்_மஞ்சள்

குறையாது, வேற தொல்லை வரும்.

ஆப்ரி: ஏ.எஸ்.டி.யை லேபின் மேல் எல்லையால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட்டால் வகுப்பது. ஏ.எஸ்.டி. 46, பிளேட்லெட் 190. மேல் எல்லை 40 போட்ட லேபில் 0.61, 35 போட்ட லேபில் 0.69. ஒரே ரத்தம், ரெண்டு விடை. ஃபிப்-4-இல் அந்த எல்லையே வராது, அது அதோட நல்ல குணம்.

ஃபைப்ரோசிஸ் ஸ்கோரில் நீரிழிவு இருந்தால் 1.13 கூடும். உங்க ஓ.பி.யில் எல்லோருக்கும் நீரிழிவு, அதனால எல்லோரும் ஒரே அளவு மேலே தள்ளப்படுவார்கள், யாரையும் பிரித்துக் காட்டாது. பி.எம்.ஐ. வேறு இருக்கு, நம்மவர்களுக்கு 23-லேயே வயிற்றுக் கொழுப்பு சேர்ந்துவிடும். ஆல்புமினும் இருக்கு: பி.சி.ஜி. சாய முறை குளோபுலினையும் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால், ஆல்புமின் குறைந்தவர்களுக்கு பி.சி.பி. முறையை விடக் கூடுதலாகக் காட்டும்.

நீங்க கேட்காத ஒண்ணு. உங்க ரீஏஜென்ட்டில் பைரிடாக்சல் பாஸ்ஃபேட் (பி-5-பி, அதாவது பி6-இன் செயல்படும் வடிவம்) இருக்கா? ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ரெண்டுமே பி6-ஐத் துணையா வச்சு வேலை செய்யும் என்சைம்கள். ஐ.எஃப்.சி.சி. (சர்வதேச லேப் அமைப்பு) மூல முறையில் லிட்டருக்கு 0.1 மில்லிமோல் பி-5-பி சேர்க்கணும். விலை குறைந்த பல கிட்களில் அது கிடையாது, இன்செர்ட்டில் "மாடிஃபைட் ஐ.எஃப்.சி.சி." என்று இருக்கும். பி6 குறைந்தவர்கள், குடிப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஐ.என்.எச். மாத்திரை எடுக்கும் காசநோயாளிகள், இவர்களிடம் ரெண்டு என்சைமும் குறைவாக வரும். ரெண்டும் 20 சதவீதம் குறைந்தது என்று வைத்தால் ஃபிப்-4 ஏறக்குறைய 11 சதவீதம் இறங்கும், ஏன்னா ஏ.எல்.டி. வர்க்கமூலத்துக்குள் இருக்கு. இது உங்க பிரச்சினைக்கு எதிர்ப்பக்கம். ஆனா ஆய்வின் நடுவில் கிட் கம்பெனி மாறினா பாதி டேட்டா ஒரு கோட்டிலும் மீதி வேறொரு கோட்டிலும் நிற்கும். லாட் எண்ணை எழுதி வையுங்க.

தீசிஸ்_மாணவன்

ஷீட்டில் சேர்த்தவை: எடுத்த முறை, எடுத்த நேரம், பிரித்த நேரம், ஹீமோலைசிஸ் (இல்லை/லேசு/அதிகம்), ஸ்மியர் கட்டி, எம்.சி.வி., ரீஏஜென்ட் லாட், வெறும் வயிறு நேரம், ப்ரோப், ஐ.க்யூ.ஆர்./மீடியன், மது அளவு, 6 வாரத்துக்குள் காய்ச்சல். ரத்தமும் ஸ்கேனும் ஒரே நாள். ஃப்ரீசரில் இருக்கும் பழைய சீரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா?

சீரம்_மஞ்சள்

வேண்டாம். போன ஏ.எல்.டி. திரும்பி வராது, இன்னும் கொஞ்சம் போயிருக்கும். அந்த நோயாளிகளைப் புதுசா அழைச்சு எடுங்க.

"லேசு" என்று எழுதாதீங்க. ஒருத்தருக்கு லேசா தெரிவது இன்னொருத்தருக்கு அதிகம். அனலைசர் ஹீமோலைசிஸ் அளவை எச்-இன்டெக்ஸ் என்று எண்ணாவே தரும், பெரும்பாலும் அந்தச் சேனல் ஆஃப் ஆகித்தான் இருக்கும், சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க. ஏ.எஸ்.டி.க்கு எந்த எண்ணுக்கு மேல் நிராகரிக்கணும் என்பது கிட் இன்செர்ட்டில் இருக்கும். ஒவ்வொரு கிட்டுக்கும் அது வேற.

ஸ்மியர்_பாத்தாச்சா

ஈ.டி.டி.ஏ. டியூப் எடுத்த நேரமும் கவுண்டரில் வைத்த நேரமும் தனித்தனியா வேணும், "எடுத்த நேரம்" ஒண்ணு போதாது. ஒட்டும் ரத்தத்தில் முதல் சில நிமிஷ எண்ணும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வரும் எண்ணும் வேற வேறதான். அந்த 58 வயதுக்காரரை முதல்ல கூப்பிடுங்க, நீல மூடி டியூபோட.